கலாத்தியாவின் இலை ஓரம் கருகுகிறது, ஹியூமிடிஃபையர் வாங்கலாமா?

ஜன்னலோரச்செடி, தண்டையார்பேட்டை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், இரண்டாவது மாடி. ஹாலில் கிழக்குப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். எதிரே பக்கத்து வீட்டுச் சுவர், நடுவில் ஒரு ஆள் போகிற அளவுக்குச் சந்து. நேர் வெயில் உள்ளே விழாது. ஆனால் அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்திருப்பதால் பகல் முழுக்க நல்ல வெளிச்சம் இருக்கிறது. இந்த மாதிரி இடத்துக்குக் கலாத்தியா என்ற அழகு இலைச்செடி நன்றாக வரும் என்று மாதவரம் பக்கம் ஒரு நர்சரியில் சொன்னார்கள். மயில் கலாத்தியா என்று விற்கும் மக்கோயானா ஒன்று, பெரிய வட்ட இலையில் வெள்ளிக் கோடு போட்ட ஆர்பிஃபோலியா ஒன்று, இரண்டும் வாங்கி வந்தேன்.

கொஞ்ச நாள் அவ்வளவு அழகு. ராத்திரியானால் மக்கோயானா இலையெல்லாம் நிமிர்ந்து நிற்கும், காலையில் தாழ்ந்துவிடும். என் பையன் அதைப் பார்ப்பதற்காகவே ஹாலில் படுக்கிறான். அப்புறம் ஆரம்பித்தது வினை. இலை நுனி பழுப்பாகிறது, அங்கிருந்து ஓரம் முழுக்க ஓடுகிறது, தொட்டால் மொறுமொறுவென்று நொறுங்குகிறது. பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. கீழே இருக்கும் பழைய இலைகளில் அதிகம், மேலே குறைவு. மண் மேலும் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது.

வீடியோக்களில் எல்லாம் ஒரே பேச்சு, காற்றில் ஈரப்பதம் போதாது என்று. தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி அதன் மேல் தொட்டியை வைத்தேன். காலையும் மாலையும் ஸ்பிரே அடிக்கிறேன். பலன் எதுவும் தெரியவில்லை. காற்றில் ஈரம் கூட்டும் ஹியூமிடிஃபையர் 3,000 ரூபாய்க்குப் பார்த்து வைத்திருக்கிறேன். "மனுஷனுக்கே வியர்த்துக் கொட்டுது, செடிக்கு ஈரம் போதலையாமா" என்று வீட்டுக்காரர் கேலி செய்கிறார். வாங்கட்டுமா?

கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். புழக்கத்துக்குப் போர் தண்ணீர். குடிக்க, சமைக்க ஆர்ஓ. ஆர்ஓ வெளியே தள்ளும் தண்ணீரை வாளியில் பிடித்துத்தான் செடிகளுக்கு ஊற்றுகிறேன். ஏசி படுக்கையறையில் மட்டும், ஹாலில் மின்விசிறிதான். மனி பிளான்ட்டும் ஸ்நேக் பிளான்ட்டும் அதே தண்ணீரில் நன்றாகவே இருக்கின்றன.

பனிநாட்டுத்தமிழன், டொராண்டோ

தயங்காமல் வாங்குங்கள். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓட ஆரம்பித்தால் வீட்டுக்குள் ஈரப்பதம் 25, 30 சதவீதத்துக்கு வந்துவிடும். என் ஆர்பிஃபோலியாவின் புது இலை சுருள் பிரியாமல் அப்படியே காய்ந்துபோனது. ஹியூமிடிஃபையர் வைத்து 60 சதவீதத்தில் நிறுத்திய பிறகுதான் இலை விரிந்தது. செடிகளை நெருக்கமாகக் கூட்டி வைப்பதும் உதவும்.

பாய்லர்_ஹவுஸ், ராயபுரம்

வாங்க வேண்டாம்மா. டொராண்டோ தம்பி சொல்வது அவர் ஊருக்கு நூற்றுக்கு நூறு சரி. எங்கள் ராயபுரத்தில் உப்பு டப்பாவின் மூடியைச் சரியாகப் போடாவிட்டால் மறுநாள் காலையில் உப்பு ஈரம் கோத்துக் கிடக்கிறது. தண்டையார்பேட்டையில் மட்டும் காற்று காய்ந்துவிடுமா? கத்திரி வெயிலில், மேற்குக் காற்று அடித்து, கடல் காற்று வரத் தாமதமாகும் நாட்களில் மத்தியானம் ஈரப்பதம் நன்றாக இறங்கும், ஒத்துக்கொள்கிறேன். மற்ற நாட்களில் கலாத்தியா கேட்கிற ஈரம் சும்மாவே இருக்கிறது.

நீங்கள் எழுதியதிலேயே பதிலும் இருக்கிறது. காற்றில் ஈரம் குறைந்தால் முதலில் அடி வாங்குவது புது இலை. சுருளிலேயே சிக்கிக்கொள்ளும், கிழிந்து விரியும். தம்பியின் செடிக்கு நடந்தது அதுதான். உங்களுக்குப் பழைய இலையில் அதிகம், மேலே குறைவு என்கிறீர்கள். நுனியில் தொடங்கி ஓரமாக ஓடுகிறது, எல்லையில் மஞ்சள் கோடு, மண் மேல் வெள்ளைப் பூப்பு. இது உப்பு. அதிக நாள் இருந்த இலை அதிக உப்பை வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு.

நான் மணலியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் தண்ணீர் பரிசோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். செடி விஷயத்தில் பெரிய ஆள் இல்லை, என் மனைவிதான் செடிக்காரி. ஆனால் தண்ணீர் விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பூந்தொட்டி ஒரு சின்ன பாய்லர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே போகிறது, ஆவியாக வெளியே போகிறது, தண்ணீரோடு வந்த உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. பாய்லரில் அது ஏறிக்கொண்டே போகும் என்பதால் அவ்வப்போது அடியில் வால்வைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே அடித்துத் தள்ளுவோம். ப்ளோடவுன் என்போம். அதைச் செய்யாத பாய்லர் குழாய்க்கு என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தொட்டியில் அந்த வால்வு, அடியில் இருக்கும் ஓட்டை. கூழாங்கல் தட்டில் வழிந்த தண்ணீரில் தொட்டியின் அடி தொட்டுக்கொண்டிருந்தால், வெளியே வந்த உப்பு திரும்ப மேலே ஏறும். தட்டை முதலில் எடுத்துவிடுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் லிட்டருக்கு 1,800, 2,000 மில்லிகிராம் உப்பு இருப்பது சாதாரணம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆர்ஓ அந்த உப்பை அழிப்பதில்லை, ஒதுக்கித் தள்ளுகிறது. ஒரு பங்கு நல்ல தண்ணீர் எடுக்க மூன்று பங்கு வெளியே போனால், அந்த மூன்று பங்கில் உப்பு இன்னும் கூடி 2,500-ஐத் தொடும். மூன்று நாளைக்கு ஒரு முறை அரை லிட்டர் ஊற்றினால் மாதத்தில் ஐந்து லிட்டர். பன்னிரண்டு கிராம் உப்பு. ஒரு தொட்டியில் மாதாமாதம் இரண்டு டீஸ்பூன் உப்பைப் போட்டுக் கிளறுகிறீர்கள். அந்தத் தண்ணீரை வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள், வீணாகாது.

மனி பிளான்ட் தாங்குகிறதே என்றால், அதன் பிறவி அப்படி. கலாத்தியா தென் அமெரிக்கக் காட்டில் மர நிழலில், மழைத் தண்ணீர் குடித்து வளர்ந்த சாதி. ஆரோரூட் கிழங்கு தரும் செடியும் இதுவும் ஒரே குடும்பம். வாழை, மஞ்சள், கல்வாழை எல்லாம் கொஞ்சம் தள்ளிய உறவு. உப்புத் தண்ணீர் ஊற்றிய வாழையின் இலை ஓரம் கருகுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே தென்னை கம்பீரமாக நிற்கும்.

நம் பக்கத்தில் போர் ஏன் இப்படி என்பதற்குப் பெரிய கதை இருக்கிறது. கடல் பக்கத்தில் இருக்கிறது, நாம் கீழே இருக்கிற நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச அந்த இடத்துக்குக் கடல் உள்ளே வருகிறது. மீஞ்சூர் பக்கம் இது 1960-களின் கடைசியிலேயே பதிவான விஷயம். அதே மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது, நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர். உங்கள் வீட்டு ஆர்ஓ செய்கிற வேலையைத்தான் அங்கே பெரிதாகச் செய்கிறார்கள். வடசென்னைக் குழாய்களில் அந்தத் தண்ணீரும் வருகிறது. அதனால் கீழே சம்ப் என்ற நிலத்தடித் தொட்டியில் விழும் மெட்ரோ குழாய்த் தண்ணீர், போருடன் கலப்பதற்கு முன்னால் பிடித்தால், செடிக்கு எவ்வளவோ மேல். ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் வாசனையும் போய்விடும். ஆனால் போர் தண்ணீரைத் திறந்து வைத்தாலோ கொதிக்க வைத்தாலோ உப்பு போகாது. கொதித்தால் தண்ணீர் குறைந்து உப்பு கூடும்.

சாஃப்ட்னர் போட்ட தண்ணீர் என்று யாராவது சொன்னால் அதுவும் கூடாது. அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும். சோப்பு நுரைக்கும், துணி வெளுக்கும், செடி செத்துப்போகும்.

ஹியூமிடிஃபையருக்கு வருகிறேன். அல்ட்ராசானிக் வகை என்றால் ஊற்றும் தண்ணீரை அப்படியே தூளாக்கிக் காற்றில் விடும். போர் தண்ணீரை ஊற்றினால் உப்பும் கூடவே பறந்து இலை மேலும் டிவி மேலும் வெள்ளைத் தூசியாக உட்காரும். நீங்கள் அடிக்கும் ஸ்பிரேயிலும் அதே கதைதான். எந்தத் தண்ணீரை அடிக்கிறீர்கள்?

ஜன்னலோரச்செடி, தண்டையார்பேட்டை

சார், ஸ்பிரேக்கும் அதே வாளித் தண்ணீர்தான். இலை மேல் வெள்ளைப் புள்ளி புள்ளியாக இருப்பதைப் பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் வேறு அடித்தேன்!

இப்போது என்ன செய்ய? ஆர்ஓ குடிநீரையே ஊற்றலாமா? ஐந்து பேர் இருக்கும் வீட்டில் மாமியார் கண்ணெதிரே குடிநீரைச் செடிக்கு ஊற்றினால் என் கதி என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

மீன்தொட்டி, கொளத்தூர்

அக்கா, உங்கள் படுக்கையறை ஏசியில் இருந்து வெளியே சொட்டுகிற தண்ணீர் எங்கே போகிறது? அதைப் பிடியுங்கள். காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டு இறங்குகிற தண்ணீர், அதில் உப்பு ஏறவே வழி இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ராத்திரி முழுக்க ஓடினால் அரை வாளியாவது கிடைக்கும். உங்கள் இரண்டு தொட்டிக்கு அது தாராளம். மாமியாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

நான் கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கிறேன், டிஸ்கஸ் அதிகம். இந்த மீனும் அமேசான் பக்கத்து மீன், மென் தண்ணீர் இல்லாவிட்டால் முட்டையே நிற்காது. அதனால் எங்கள் தெருவில் பாதிப் பேர் பாக்கெட்டில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா இருக்கும். இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்த விவாதமே தேவைப்படாது. என் வீட்டில் போர் லிட்டருக்கு 1,400 மில்லிகிராம், குழாய் 350, ஆர்ஓ 40, ஏசி தண்ணீர் 20. போன நவம்பர் மழையில் மொட்டை மாடியில் டிரம் வைத்துப் பிடித்தது 15. கலாத்தியாவுக்கு 150-க்குக் கீழே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம். 300 வரைகூட, அடிக்கடி கழுவி விட்டால் சமாளிக்கும்.

ஏசி தண்ணீரில் காயிலின் தூசி, கொஞ்சம் உலோகம் வரலாம். அழகுச் செடிக்குப் பரவாயில்லை. கீரை, துளசி, கறிவேப்பிலைக்கு நான் ஊற்றுவதில்லை. காயில் சர்வீஸ் செய்த அன்று வரும் தண்ணீரையும் விட்டுவிடுங்கள், அதில் கெமிக்கல் இருக்கும்.

யாராவது மீன்தொட்டித் தண்ணீர் செடிக்கு நல்லது என்பார்கள். நல்லதுதான், நைட்ரேட் இருக்கும். ஆனால் கப்பி, மோலி வளர்ப்பவர் பெரும்பாலும் போர் தண்ணீரில்தான் வளர்ப்பார், மோலிக்கு உப்பு வேறு போடுவார். டிஸ்கஸ் தொட்டித் தண்ணீர் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

பாய்லர் சார், நீங்கள் சொன்ன ப்ளோடவுன் எவ்வளவு அடிக்க வேண்டும் என்று சொல்லவில்லையே?

பாய்லர்_ஹவுஸ், ராயபுரம்

நல்ல கேள்வி தம்பி. தொட்டி கொள்ளும் அளவுக்கு மூன்று மடங்கு. எட்டு அங்குலத் தொட்டி நாலு லிட்டர் என்றால் பன்னிரண்டு லிட்டர். மொத்தமாகக் கவிழ்க்கக் கூடாது. குளியலறையில் வைத்து, ஒரு செம்பு ஊற்றி வழிய விட்டு, அடுத்த செம்பு. மண் மேல் இருக்கும் வெள்ளைப் படிவை முதலில் ஒரு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதையே கரைத்து வேருக்கு அனுப்புவோம். டிடிஎஸ் பேனா இருந்தால் வேடிக்கை பார்க்கலாம். அடியில் வழியும் முதல் தண்ணீரைப் பிடித்து அளந்தால் பேனா மிரளும். கடைசியில் வழிவது ஊற்றும் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட வந்தால் நிறுத்தலாம்.

அதன் பிறகு ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அடியில் கொஞ்சமாவது வழிகிற மாதிரி ஊற்றுங்கள். தினம் கால் டம்ளர் தெளிப்பது மாதிரி கெட்ட பழக்கம் இல்லை. மேல் மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஒரு அங்குலம் காய்ந்திருந்தால் முழுக்க ஊற்றி, வழிந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

மழைத் தண்ணீரைப் பற்றித் தம்பி சொன்னதற்கு ஒரு திருத்தம். முதல் மழையைப் பிடிக்கக் கூடாது. நம் பக்கம் மொட்டை மாடியில் ஆறு மாதத் தூசி கிடக்கும். அது கழுவிப் போன பிறகு, ஒரு மணி நேரம் கழித்துப் பிடியுங்கள். துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாண்ட காலத்தில் ராயபுரத்தில் வெள்ளைத் துணி காயப் போட முடியாது. 2011-இல் அது நின்றது. இப்போது எவ்வளவோ தேவலாம், ஆனாலும் லாரிப் போக்குவரத்து இருக்கிறதே.

எண்ணூர்_மாடித்தோட்டம்

தண்ணீரைப் பற்றி இரண்டு ஆம்பளைங்களும் பேசி முடித்துவிட்டார்கள். மண்ணைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

தங்கச்சி, நர்சரியில் இருந்து வந்த கறுப்புக் கவரோடு அப்படியே தொட்டியில் இறக்கியிருப்பீர்கள். செடியை எடுத்துப் பாருங்கள். வேரைச் சுற்றிச் செம்மண் கட்டி, கல் மாதிரி இறுகியிருக்கும். விற்கும் இடத்துக்கு அது வசதி, லாரியில் ஆடாமல் வரும். கலாத்தியா வேர் மெல்லிசு, அதற்குக் காற்று வேண்டும். அந்தக் கட்டிக்குள் நீங்கள் பன்னிரண்டு லிட்டர் ஊற்றினால் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து போகும், உப்பு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். பாய்லர் அண்ணனுடைய வால்வு அங்கே வேலை செய்யாது. நான் சொல்வது, கழுவுவதைவிட மண்ணை மாற்றுவது நல்லது. தண்ணீரும் மிச்சம்.

கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு அரைப் பங்கு, கருக்கின உமி அரைப் பங்கு, மண்புழு உரம் கால் பங்கு. பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல்துகள் இருந்தால் ஒரு கை. இதில் சிக்கல் கோகோபீட். தேங்காய் மட்டையிலேயே சோடியமும் பொட்டாசியமும் உண்டு, மட்டையை ஊறப்போட்ட தண்ணீரும் உப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கட்டியை வாங்கி வந்து ஊறவைத்து, துணியில் பிழிந்து, திரும்ப ஊறவைத்து, பிழிய வேண்டும். கழுவியது என்று கவரில் போட்டிருந்தாலும் நான் கழுவுவேன். கடைசிப் பிழிசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும், போர் தண்ணீரில் ஊறவைத்தால் கழுவியதற்கே அர்த்தம் இல்லை.

கட்டியை உடைக்கும்போது வேரைப் பிய்க்காதீர்கள். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வைத்தால் செம்மண் தானாகக் கரையும். மிச்சம் கொஞ்சம் ஒட்டியிருந்தால் இருக்கட்டும். மாற்றிய பிறகு பத்து நாள் இலை தொங்கும், சுருண்டுகொள்ளும், பயந்து திரும்ப எடுத்துப் பார்க்காதீர்கள். இப்போதைய தொட்டியைவிட ஒரு அங்குலம் மட்டும் பெரியது போதும். பெரிய தொட்டியில் வைத்தால் சீக்கிரம் வளரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ, வேர் போகாத இடத்தில் ஈரம் தேங்கி அழுகும்.

அப்புறம் பூச்சி. வெள்ளைப் புள்ளி எல்லாமே உப்பு என்று விட்டுவிட வேண்டாம். ஈரத் துணியால் துடையுங்கள். துடைத்ததும் போனால் உப்பு. இலையின் அடிப்பக்கம் நரம்போரம் மெல்லிய நூலாம்படை, தூசி மாதிரி நகரும் புள்ளி, இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தின மாதிரி வெளிறிய பொட்டு இருந்தால் செஞ்சிலந்தி. கலாத்தியா என்றால் அதற்கு அவ்வளவு பிரியம், அதுவும் மே மாதம். இலை அடியை ஷவரில் நன்றாகப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும். வேப்பெண்ணெய் ஒரு லிட்டருக்கு 5 மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலத்தில். இதற்கும் நல்ல தண்ணீர்தான், போர் தண்ணீரில் சோப்பு திரிந்து எண்ணெய் கலக்காமல் மிதக்கும், அது இலையில் திட்டுத் திட்டாக எரிக்கும். நீங்கள் ஏற்கெனவே அடித்தது அப்படி எரித்திருக்கவும் வாய்ப்பு உண்டு. வாரம் ஒரு முறை, மூன்று வாரம். முட்டை பொரிந்து வருவதை அப்போதுதான் பிடிக்க முடியும்.

எங்கள் எண்ணூரில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மறுநாள் இலை மேல் விரலால் பெயர் எழுதலாம். தூசி படிந்தால் வெளிச்சமும் போகிறது, சிலந்தியும் வருகிறது. வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைத்துவிடுவேன். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய், பால், மயோனைஸ் எல்லாம் தடவச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். எண்ணெய் தூசியை இழுக்கும், பால் நாறும்.

இவ்வளவும் முடியாது என்றால் கலாத்தியாவை யாருக்காவது கொடுத்துவிட்டு அக்லோனிமா வையுங்கள். சிவப்பு, இளஞ்சிவப்பு, பச்சை என்று எத்தனையோ ரகம், நம் தண்ணீரை ஓரளவு தாங்கும். இசட் இசட் செடியும் தாங்கும். டிரசீனாவும் ஸ்பைடர் பிளான்ட்டும் வேண்டாம், அவற்றுக்கும் நுனி கருகும். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளையோ பூனையோ இருந்தால் யோசிக்கணும். அக்லோனிமா, மனி பிளான்ட் இரண்டின் இலையிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசி உண்டு, கடித்தால் வாய் எரியும். கலாத்தியாவில் அந்தத் தொல்லை இல்லை. என் வீட்டில் மூன்று பூனை, அதனால்தான் இவ்வளவு சிரமப்பட்டும் கலாத்தியாவை விடாமல் வைத்திருக்கிறேன்.

ஜன்னலோரச்செடி, தண்டையார்பேட்டை

அக்கா, சார், தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. டிடிஎஸ் பேனா வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் எதைப் பார்த்தாலும் அதை முக்கிக்கொண்டிருக்கிறார்கள். ரசம் உட்பட. போர் 1,920. ஆர்ஓ வெளியே தள்ளுவது 2,480, சார் சொன்ன கணக்கு கிட்டத்தட்ட அப்படியே. ஏசி தண்ணீர் 26. அதற்கு ஒரு பழைய கேனை வைத்துக் குழாயை உள்ளே விட்டிருக்கிறேன், கொசு போகாமல் வாயில் துணி கட்டி.

ஆர்பிஃபோலியாவை எடுத்துப் பார்த்தேன். அக்கா சொன்னதேதான், செங்கல் மாதிரி மண். அதற்கு மண் மாற்றியாயிற்று. மக்கோயானா வேரில் மண் பொலபொலவென்று இருந்ததால் அதைக் கழுவ மட்டும் செய்தேன். முதலில் வழிந்த தண்ணீர் 4,100 காட்டியது! கடைசியில் 190.

மூன்று கேள்வி. கருகின ஓரம் திரும்பப் பச்சையாகுமா, வெட்டிவிடவா? உரம் எப்போது வைக்க? கோடையில் ஏசி ஓடும், டிசம்பரில் ஏசி போட மாட்டோம், அப்போது தண்ணீருக்கு எங்கே போவது?

பாய்லர்_ஹவுஸ், ராயபுரம்

4,100! சர்வீஸில் இருந்தபோது அந்த எண்ணைப் பார்த்தால் ஷிஃப்ட் இன்ஜினீயருக்குப் போன் போகும்.

கருகினது பச்சையாகாது. என் மனைவி சொல்வது, கத்தரியைச் சுடுதண்ணீரில் கழுவி, இலையின் வடிவத்திலேயே ஓரமாக வெட்டு, பழுப்பில் நூலளவு விட்டுவிட்டு வெட்டு. பச்சையில் வெட்டினால் வெட்டின இடம் திரும்பக் காயும். பாதிக்கு மேல் கருகின இலையை அடியோடு எடுத்துவிடலாம், ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துச் செடியை மொட்டையாக்க வேண்டாம். இனிமேல் விரிகிற இலையைப் பார்த்துத்தான் வைத்தியம் பலித்ததா என்று சொல்ல முடியும். பழைய இலையைத் தினம் பார்த்துக் கவலைப்படுவதில் பயன் இல்லை.

உரமும் உப்புதான். இரண்டு புது இலை சுத்தமாக விரியும் வரை எதுவும் வேண்டாம். மண் மாற்றின தொட்டியில் மண்புழு உரம் இருக்கிறது, அதற்கு அவசரமே இல்லை. பிறகு 19:19:19 என்று விற்கும் உரம் என்றால் லிட்டருக்குக் கால் கிராம், மாதம் ஒரு முறை. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு வயலுக்கு. ஏசி தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் கிடையாது என்பதால், நாலு முறைக்கு ஒரு முறை மெட்ரோ தண்ணீர் ஊற்றினால் அதுவும் சரியாகிவிடும்.

டிசம்பரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும், நம் ஊருக்கு வருடத்தில் விழும் மழையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில்தான். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது உங்கள் குடியிருப்பிலும் மொட்டை மாடியில் இருந்து குழாய் இறக்கியிருப்பார்கள். அந்தக் குழாயில் ஒரு டி வடிவ இணைப்பு போட்டு, ஒரு வால்வு வைத்து, இரண்டு இருபது லிட்டர் கேனை நிரப்பிக்கொள்ளுங்கள். பிளம்பர் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். அசோசியேஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மீன்தொட்டி, கொளத்தூர்

அக்கா, கேனை மூடி நிழலில் வையுங்கள், வெயில் பட்டால் பாசி பிடிக்கும். பிப்ரவரி, மார்ச்சில் இருப்பு தீர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை இந்தப் பக்கம் வாருங்கள். அன்றுதான் நான் டிஸ்கஸ் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவேன், எப்படியும் சாக்கடைக்குத்தான் போகிறது. கேன் மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள், என்னிடம் இருப்பதெல்லாம் மீன் வாங்க வருபவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள்.